தனி மீட்டர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மீட்டர்காரரின் கண் முதலில் மெயின் போர்டுக்குத்தான் போகும். மின்சார ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் ரீடிங் எடுத்த பழக்கம். வீட்டுக்காரர் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருப்பார். இவர் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மீட்டரை ஏன் செருப்பு அலமாரிக்குப் பின்னால வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. பழக்கம் ஓய்வு பெறவில்லை.

"முதமுதல்ல எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே இப்படித்தான். நான் எதிர்ல உக்காந்திருக்கேன். இந்த மனுஷன் ஃபியூஸ் கட்டையைப் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று அவர் மனைவி சொல்லாத ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மாள். அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஃபியூஸ் கட்டை லூசா இருந்துச்சு. அதான் பாத்தேன்" என்பார் மீட்டர்காரர், இன்றைக்கும் சிரிக்காமல்.

வேலையில் அவர் கறார். அவரோடு வேலை பார்த்தவர்களில் சிலர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தெரு முழுவதற்கும் குத்துமதிப்பாக எண் எழுதிவிடுவார்கள். இவர் டார்ச்சும் நோட்டுமாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்குவார். மூன்று முறை நாய் கடித்திருக்கிறது. ஒருமுறை ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அப்போதும் எழுந்து, அந்த வீட்டு எண்ணை இடது கையால் எழுதிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

விருந்தாளியாக வருகிறவருக்கு வீட்டின் கூடம்தான் தெரியும். மீட்டர்காரருக்கு மாடிப்படிக்கு அடியில் இருப்பது தெரியும். உடைந்த சைக்கிள், பூட்டிய பெட்டி, ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய உடற்பயிற்சிச் சாமான். அதற்குப் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு கட்டில், கட்டிலில் வயதான ஒருவர். மீட்டருக்கும் வயதானவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்கள் ஒரே இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

இப்படிப்பட்டவருடைய மகன் வீடு கட்டக் கிளம்பினான். அதுவரை எல்லோரும் இருந்தது மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. இரண்டே படுக்கையறை. ஒன்றில் மகனும் மருமகளும், இன்னொன்றில் ஒன்பது வயதுப் பேத்தியும் அவளுடைய புத்தகங்களும். மீட்டர்காரரும் மனைவியும் கூடத்தில் இருந்த சோபாவைப் பிரித்துப் போட்டுப் படுத்தார்கள். அதிகாலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பும் மருமகள், அவர்கள் கால்மாட்டில் பூனை மாதிரி நடந்து போவாள். ஐந்து வருடம் அப்படி நடந்திருக்கிறாள்.

மருந்துக் கிடங்கில் மேனேஜராக இருந்த மகன்தான் அந்தப் பேச்சை எடுத்தான். "அப்பா, புது வீட்ல உங்களுக்கும் அம்மாவுக்கும் தனி போர்ஷன். வாசல்கூட தனி."

இன்ஜினியர் பிளானைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். நடுவில் ஒரு நீளச் சுவர். இடது பக்கம் கீழும் மேலுமாக மகனின் குடும்பம். வலது பக்கம் கீழே ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம், அடுப்பு வைக்க ஒரு மேடை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதித்த குளியலறை, தெருவைப் பார்த்த வாசல். இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுவரில் ஒரு கதவு. பேத்தி முதலில் பார்த்தது அந்தக் கதவைத்தான். காலையில் அம்மா வேலைக்குப் போய்விடுவதால், ஏழரை மணிக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிடுவது பாட்டிதான். "நான் சீப்பை எடுத்துக்கிட்டு இது வழியா வந்துடுவேன்" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மீட்டர்காரரின் மனைவிக்குக் குளியலறையில் வழுக்காத தரை வேண்டும், மத்தியானம் யாரும் எழுப்பாத ஒரு படுக்கை வேண்டும். மருமகளுக்குத் துணி உலர்த்த இடம். மீட்டர்காரரின் முறை வந்தது.

"எங்க பக்கத்துக்குத் தனி மீட்டர் வேணும்" என்றார்.

"போட்டுடலாம்பா" என்றான் மகன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தச்சர் என்றால் நல்ல மரம் கேட்பார், மீட்டர்காரர் மீட்டர் கேட்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

ஏன் என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பல வருடங்களுக்கு முன்னால், மீட்டருக்குள் தகடு சுழலும் காலத்தில், ஒரு பெரிய வீட்டில் ரீடிங் எடுக்கப் போவார். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு கிழவர் படுத்திருந்தார். தலைக்கு மேலே ஃபேன் இருந்தது. அதன் சுவிட்ச் மட்டும் வெளியே நடையில், மெயின் போர்டில் இருந்தது. கிழவரால் எழுந்து நடக்க முடியாது. "சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுட்டுப் போங்களேன்" என்று ஒரு கோடையில் கேட்டார். இவர் போட்டார். மத்தியான நேரம், வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. மீட்டரின் தகடு வேகம் எடுத்ததைக் கண்ணால் பார்த்தார். பக்கத்து வீட்டு மீட்டருக்குப் போய் எண் எழுதிவிட்டு, மறந்து வைத்த டார்ச்சை எடுக்கத் திரும்பி வந்தால், கிழவரின் மகன் போர்டுக்கு முன்னால் நிற்கிறான். "இதை யாரு போட்டது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு உள்ளே போனான். தகடு மெள்ள மெள்ள நின்றது. கிழவர் இவரைப் பார்த்தார். இவர் நோட்டைப் பார்த்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனார். கிழவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் போனபோது அங்கே கட்டில் இல்லை.

மெயின் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர், மற்றவர்கள் எல்லாம் அவர் தயவில் இருக்கிறவர்கள் என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது. எழுபதை நெருங்கும்போது அது பயமாகவே வளர்ந்துவிட்டது. தன் கட்டிலுக்கு மேலே ஓடும் ஃபேனை இன்னொருவர் அணைக்க முடியாத ஓர் இடம் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அதை மகனிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது? சொன்னால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அதனால் தனி மீட்டர் என்று மட்டும் சொன்னார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கல் அந்தக் குடும்பத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரே கட்டடத்தில் இரண்டு இணைப்பு வேண்டும் என்றால், அது இரண்டு குடித்தனம் என்று கண்ணால் பார்த்துத் தெரிய வேண்டும். நடுவில் வழி இருக்கக் கூடாது. இரண்டு மீட்டராகப் பிரித்தால் கட்டணம் குறைகிறது என்று ஒரே வீட்டுக்காரர்கள் செய்த தில்லுமுல்லுக்காகப் போட்ட விதி. அப்படிப்பட்ட வீடுகளை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்ததே இவர்தான். அலமாரியை நகர்த்தி, பின்னால் ஒளித்திருந்த கதவைக் கண்டுபிடித்து, இரண்டாவது மீட்டரைக் கழற்ற வைத்திருக்கிறார். அலமாரிக்கு அடியில் தரை தேய்ந்திருந்தால் போதும், அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இன்ஜினியரைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, "அது பெரிய விஷயமே இல்ல சார். இப்போ சுவரை முழுசா எழுப்பிடலாம். ஆபீஸ்ல வந்து பாத்துட்டுப் போனதும் உடைச்சுக் கதவு வெச்சுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

"எல்லாரும் பண்றதைத்தான் நான் எழுதிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் மீட்டர்காரர்.

"அப்போ ஒண்ணு மீட்டர், இல்லன்னா கதவு. வீட்ல பேசிட்டு ஒரு முடிவு சொல்லுங்க."

வீட்டில் பேசவில்லை. பேசினால் காரணம் சொல்ல வேண்டி வரும். தினமும் காலை பத்து மணிக்குக் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக மனைக்குப் போய், வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் பொறுப்பாக இருந்தது. அடித்தளம் முடிந்து நடுச்சுவர் எழும்பத் தொடங்கிய அன்று கொத்தனாரிடம் போனார். "இதுல கதவுக்கு இடம் விட வேணாம். முழுசா எழுப்பிடுங்க."

"பிளான்ல கதவு இருக்கே ஐயா?"

"பிளான் மாறிடுச்சு."

வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாத மனிதர் அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொன்னார். சொன்ன பிறகு அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தார். சுவர் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், பூசிய சுவரை யார் இடிக்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. பெரிய மனிதர்கள் செய்கிற சின்னப்பிள்ளைத்தனம் இப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வீட்டைப் பார்க்க வந்தார்கள். நடுச்சுவர் மார்பளவுக்கு மேல் எழும்பியிருந்தது. பேத்தி தன் பக்கத்திலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டே ஒரு கோடிக்கு ஓடினாள், மறு கோடிக்கு ஓடினாள்.

"அம்மா, பாட்டி வீட்டுக் கதவைக் காணோம்."

மருமகள் சுவரைப் பார்த்தாள், கொத்தனாரைப் பார்த்தாள். "பெரியவர்தான் பிளான் மாறிடுச்சுன்னு சொன்னாருங்க" என்றார் கொத்தனார். எல்லோரும் மீட்டர்காரரைப் பார்த்தார்கள்.

"என்னங்க இது?" என்றார் மனைவி. பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் விதியைச் சொன்னார். விதி எண்ணைக்கூடச் சொன்னார். ஆபீஸ் பாஷையில் பேசும்போது அவருக்குக் குரல் தெளிவாக வந்தது.

மகன் பொறுமையாகக் கேட்டான். "சரிப்பா, அப்போ தனி மீட்டர் வேணாம். ஒரே மீட்டரா இருக்கட்டும். நீங்க எவ்வளவு செலவழிச்சீங்கன்னு நாங்க கேக்கவா போறோம்?"

"அது இல்ல."

"வேற என்ன?"

"எங்க பக்கத்து மெயின் எங்க கையில இருக்கணும்."

மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சுருங்கிவிட்டது. "நான் அணைச்சிடுவேன்னு பயப்படறீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீட்டர்காரருக்கு வாய் வரவில்லை. மருமகள் பேத்தியைக் கையைப் பிடித்து மணல் குவியல் பக்கம் அழைத்துப் போனாள். மகன் சுவரின் மேல் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து, நேராக வைத்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்தான். அன்று முழுவதும், மறுநாளும், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்கிற அளவுக்கு மேல் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட மீட்டர்காரருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு மனைவி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க. என்ன உங்களுக்கு?"

அப்போதுதான் கிழவரின் கதை வெளியே வந்தது. ஃபேன், தகடு, நோட்டு, காணாமல் போன கட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"அதுக்கு நம்ம பையன் என்ன பண்ணான்?" என்றார் மனைவி. "அன்னிக்கு அந்த ஆள்கிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, அந்தப் பெரியவருக்குக் காத்து வந்திருக்கும். கேக்க வேண்டிய இடத்துல கேக்கலை. இப்போ எவனோ பண்ணதுக்கு நம்ம பையன் தலையில சுவரைக் கட்டறீங்க."

அவர் எழுந்து போகப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லுங்க. எனக்கு அவசரத்துக்கு உடம்புக்கு முடியலைன்னா நீங்க யாரைக் கூப்பிடுவீங்க? உங்க மீட்டரையா?"

இருபது வருடம் ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்தவரிடம் இந்த விஷயத்தில் வாதாடி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. மனைவி சொல்வது நியாயம் என்று புத்தி சொன்னது. கண்ணை மூடினால் தகடு நிற்பதுதான் தெரிந்தது. இரண்டும் உண்மையாக இருந்தன. என்ன செய்வது என்று தெரியாமல், வேலை நடக்கும் இடத்துக்கும் போகாமல் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தார்.

வியாழக்கிழமை இன்ஜினியர் போன் செய்தார். "சார், கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா? மெயின் போர்டுக்கு இடம் குறிக்கணும். எவ்வளவு உயரத்துல வேணும்னு உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு உங்க பையன்."

"எந்த மெயின் போர்டு?"

"வீட்டோடதுதான் சார். ஒரே மீட்டர். உங்க வாசல் பக்கத்துல வருது. மெயின் சுவிட்ச் உங்க கூடத்துக்குள்ள. மாடி, மோட்டார், அவங்க பக்கம் எல்லாத்துக்கும் உங்க கூடத்துல இருந்துதான் லைன் போகுது. நேத்து சாயங்காலம் வந்து மாத்திட்டுப் போனாரு. சுவரை மட்டும் நீங்க சொன்னபடியே விட்டுடச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் எதிலும் சம்பந்தப்படாதவர் மாதிரி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவரின் கதை மகன் காதுக்கு எப்படிப் போயிற்று என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மத்தியானம் அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது மகனும் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கிலிருந்து வந்திருந்தான். வலது பக்கக் கூடம் வரப்போகும் இடத்தில், வாசலை ஒட்டிய சுவரில் கரித்துண்டால் ஒரு கட்டம் போட்டிருந்தது. மகன் அதன் முன்னால் நின்று கையை உயர்த்தி அளந்துகொண்டிருந்தான்.

"இந்த உயரம் போதுமா? ஸ்டூல் போட்டு ஏற வேணாம் பாருங்க."

மீட்டர்காரர் கட்டத்தைப் பார்த்தார். அதற்குள் ஒரு மெயின் சுவிட்ச். அதைக் கீழே இழுத்தால் மகனின் வீட்டில் ஒரு விளக்கு எரியாது, ஒரு ஃபேன் ஓடாது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு போர்டை எந்த வீட்டிலும் அவர் பார்த்ததில்லை. எந்த மகனும் இப்படி வைத்ததில்லை.

"எதுக்குடா இப்படிப் பண்ணே?"

"மெயின் உங்க கையில இருக்கணும்னு சொன்னீங்கல்ல?"

"எங்க பக்கத்துக்குத்தான் கேட்டேன். மொத்தத்தையும் என்கிட்ட குடுத்தா எப்படி? உனக்குப் பயமா இல்லையா?"

"என்ன பயம்?" என்றான் மகன். நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"நான் அணைச்சிட்டா?"

மகன் கையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினான். "நீங்க அணைச்சா, ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சுப்பேன்" என்றான். சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கினான். பெரிதாக எதையோ சொல்லிவிட்டோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

மீட்டர்காரர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ஒருநாள் அவர் தலைக்கு மேல் ஓடும் ஃபேன் நின்று, எழுந்து பார்த்தால் போர்டுக்கு முன்னால் இவன் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால், ஏதோ காரணம் இருக்கும் என்று அவர் நினைத்திருப்பாரா? நினைத்திருக்க மாட்டார். தன் பிள்ளையை எவனோ ஒருத்தனோடு ஒரே வரிசையில் நிறுத்தி ரீடிங் எடுத்திருக்கிறார். எடுத்த ரீடிங் தப்பு. எண்ணைச் சரியாகப் பார்க்கிற ஆள் என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்கியவர், சொந்தப் பிள்ளையைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டார். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கூப்பிட்டு என்னவாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எழுந்து நடுச்சுவருக்குப் போனார். அது இப்போது தலைக்கு மேல் போயிருந்தது. கொத்தனார் சாரத்தின் மேல் நின்று கலவை பூசிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, கீழ இறங்குங்க. இங்கேருந்து இதுவரைக்கும் இடிக்கணும்."

"மறுபடியும் பிளான் மாறிடுச்சா ஐயா?"

"மாறலை. முதல்ல இருந்தே பிளான்ல கதவு இருந்துச்சு" என்றார் மீட்டர்காரர். "நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

கொத்தனார் இறங்கி வந்து, கரணையைக் கழுவி வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.